ஏணி போய் ஏழு மாதம் ஆகிறது, எப்படிக் கேட்பது?

கேள்வி: ஒரு வாசகர், 2023 செப்டம்பர் 10

பக்கத்து வீட்டுக்காரர் பிப்ரவரியில் பெயின்ட் அடிக்க எங்கள் அலுமினிய ஏணியை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் என்றார். ஏழு மாதம் ஆகிவிட்டது. ஏணி எங்கும் தொலைந்துபோகவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டுச் சந்தில் சாய்ந்து நிற்கிறது, படிகளில் துண்டு காய்கிறது. நல்ல மனிதர், பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம். போன வாரம் ஃபேன் துடைக்க நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

செப்டம்பர் 10, ஞாயிறு காலை

ஸ்டூல் மேல் ஏறுவதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம் ஏணி. நேரே போய், "ஏணி வேணும், ஃபேன் துடைக்கணும்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வாருங்கள். "ஏணி வேலை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று பதில் வரும், நீங்கள் தலையாட்டிவிட்டு வருவீர்கள், இன்னும் ஏழு மாதம் போகும்.

நான் மன்னார்குடிப் பக்கம். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா பம்புசெட் மெக்கானிக். அவர் விட்டுப்போன இரும்புப் பெட்டியும் நான் சேர்த்ததுமாக, எங்கள் தெருவுக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஹார்டுவேர் கடை. கல்லாப்பெட்டி மட்டும் கிடையாது. முப்பது வருஷத்தில் போய்த் திரும்பாதவற்றின் கணக்கு மனப்பாடமாக இருக்கிறது: கட்டிங் பிளேயர் இரண்டு, பத்து-பதினொன்று ஸ்பேனர், சைக்கிள் பம்பு, தேங்காய் உரிக்கிற கம்பி, சுவர் மட்டமாக இருக்கிறதா என்று குமிழியில் பார்க்கிற இரண்டடி ரசமட்டம். ரசமட்டம் 2012இல் காம்பவுண்டு சுவர் கட்ட வந்த கொத்தனாரோடு போனது.

பட்டபின் போட்டுக்கொண்ட சட்டம் மூன்று. மோட்டார் வைத்த எதையும் கையில் கொடுப்பதில்லை. வேலைக்கு வரும் ஆளுக்கு நம் கருவியைக் கொடுப்பதில்லை, தொழில் சாமானை அவரே கொண்டுவரட்டும். மூன்றாவது, என்னென்ன போகிறது என்று வாய்விட்டு எண்ணிக் கொடுப்பது.

செப்டம்பர் 10, இரவு

மூன்றாவது சட்டம் எதற்கு, எண்ண என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சக் கீ இருக்கிறது.

ட்ரில்லிங் மெஷினில் பிட்டை இறுக்கவும் கழற்றவும் பல் வைத்த ஒரு சின்னச் சாவி உண்டு, அதுதான் சக் கீ. ஜூன் மாதம் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி, டிவி மாட்ட வேண்டும் என்று ட்ரில் கேட்டார். முதல் சட்டத்தை மீறிக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டது. நன்றாகத் துடைத்து, ஒயரை அழகாகச் சுருட்டி, கூடவே ஒரு மிக்சர் பொட்டலமும். சக் கீ மட்டும் வரவில்லை. உள்ளே 6 எம்எம் பிட் இறுகிக் கிடக்கிறது, எனக்கு வேண்டியது 8. கேட்டால் "எல்லாத்தையும் குடுத்துட்டேனே சார்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அது ஒரு சாமான் என்பதே அவர் மனதில் பதியவில்லை. கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன், சேரவில்லை. 10 எம்எம் சக்குக்கு ஒரு கீ, 13 எம்எம்முக்கு வேறு. இரண்டாவது தடவை மெஷினையே பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பிட் கதை தனி. சுவருக்குப் போடுகிற பிட்டின் நுனியில் கார்பைடு துண்டு பட்டையாக ஒட்டியிருக்கும். இரும்புக்குப் போடுகிற பிட்டில் அது கிடையாது. தம்பி இரும்பு பிட்டைப் போட்டுச் செங்கல் சுவரைக் குடைந்திருக்கிறார். நுனி நீலம் பாய்ந்து தீய்ந்துபோயிருந்தது. அவர் துளை போட்டது டைல்ஸில் இல்லை என்பது ஒரு நிம்மதி. டைல்ஸில் ட்ரில்லின் ஹேமரை, அதாவது இடித்துக்கொண்டே சுற்றுவதை, அணைக்காமல் அழுத்தினால் வீட்டு ஓனருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மிக்சர் நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 11

ஒரு அக்கா கேட்டது: கருவியைத் தனியாக அனுப்பாமல் நீங்களே கூடப் போனால் என்ன? போயிருக்கிறேன். நாலு துளை என்று கூப்பிட்டார்கள். காலண்டர், கடிகாரம், சாமிப் படம், கண்ணாடி, துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பதினான்கு ஆனது. நடுவில் இரண்டு டீ. கடைசியில் அந்த வீட்டுப் பாட்டி, "அந்த டியூப்லைட்டையும் பாத்துடுப்பா" என்றார். வாத்தியார் என்று சொல்லிப் பார்த்தேன், "எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கு பாரு" என்று பாராட்டினார். ஆகவே இந்த யோசனையில் ட்ரில் பிழைக்கும், ஞாயிற்றுக்கிழமை பிழைக்காது.

இன்னொருவர் கேட்டது: கொத்தனார் ரசமட்டத்தை எடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. காலையில் சுவர் மேல் இருந்தது, அவர் கையில் இருந்தது, சாயங்காலம் இல்லை. வேறு யார் எடுப்பார்கள்?

செப்டம்பர் 13

சின்ன வயதில் எங்கள் தெருவில் பாதாளக் கரண்டி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. தெரியாதவர்களுக்கு: இரும்பு வளையத்தைச் சுற்றி வரிசையாகக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால், உள்ளே விழுந்த வாளி எந்தக் கொக்கியிலாவது மாட்டும். எப்போதோ ஒரு நாள் தேவைப்படுகிற சாமான், ஆனால் தேவைப்படும் அன்று அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதனால் எல்லோரும் வாங்கி வைப்பதில்லை, எல்லோரும் அந்த ஒரு வீட்டுக்குத்தான் போவார்கள்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு வழக்கம். கரண்டியைக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு பாத்திரம் வாங்கி வைத்துக்கொள்வார். பெரும்பாலும் பித்தளைச் செம்பு. கரண்டி திரும்பி வந்ததும் செம்பைத் தருவார். பெற்ற மகளே கேட்டாலும் இதுதான். அதில் யாருக்கும் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. செம்பை எடுத்துக்கொண்டுதான் கரண்டி கேட்கக் கிளம்புவார்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அங்கே எழவில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே செம்பு. கேட்கப் போகிறவரும் பாட்டி அல்ல. செம்பில்லாமல் கரண்டி வாங்கிப் போன வீட்டுக்காரிக்கு எத்தனை நாள் ஓடும்? பொழுது சாய்வதற்குள் கரண்டி வந்துவிடும்.

ஏணிக்கு ஏன் அப்படி ஒரு செம்பு இல்லாமல் போனது என்று நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது யாராவது ட்ரில் கேட்டு வந்து, நான் "மிக்சி ஜாரைக் குடுத்துட்டுப் போங்க" என்றால் தெருவில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? வழக்கமாக இருந்தவரைக்கும் அது மரியாதை. நான் ஒருவன் மட்டும் செய்தால் கஞ்சத்தனம்.

கரண்டி துழாவும்போது நம் வாளி மட்டும் வராது. யார் யாரோ எப்போதோ தவறவிட்ட டம்ளர், சோப்புப் பெட்டி, ஒரு தடவை முழுசாக ஒரு குத்துவிளக்கின் தண்டு. பிறகு ஆழ்குழாய் வந்தது, கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று. அந்தக் கரண்டி எந்தப் பரணில் கிடக்கிறதோ.

செப்டம்பர் 13, அரை மணி நேரம் கழித்து

தங்கை படித்துவிட்டு போன் செய்தாள். "எல்லாம் சரி, உன்னை அடகு வச்சதை ஏன் எழுதலை?"

மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் அம்மா அவசரத்தில் செம்பு இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கரண்டி கேட்டாள். பாட்டி கரண்டியைக் கொடுத்துவிட்டு, "புள்ளை இங்கேயே இருக்கட்டும்" என்று என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். அவல் கொடுத்தார். வாளி கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. தங்கை சொல்வது: வாளி அரை மணியிலேயே கிடைத்துவிட்டது, என்னை மீட்க அம்மாதான் அவசரப்படவில்லை.

செப்டம்பர் 14

தேய்கிற சாமான்களைப் பற்றி ஒருவர் கேட்டார். ஆக்சா பிளேடு, உப்புத்தாள், டெஃப்ளான் டேப், ட்ரில் பிட். இவற்றை இரவல் என்று சொல்லவே கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் அதே சர்க்கரையையா திருப்பித் தருகிறோம்? அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவதற்குக் குறியெதிர்ப்பை என்று பெயர். குறளிலேயே இருக்கிற சொல், 221ஆவது. பிளேடும் அந்தக் கணக்குத்தான். உடைந்தால் புதிது வாங்கி மாட்டிக் கொடுங்கள், உடையாவிட்டாலும் பல் மழுங்கியிருந்தால் வாங்கிக் கொடுங்கள். பாடம் எடுக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், முப்பத்து மூன்று வருஷப் பழக்கம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இது சிரிக்கிற விஷயம் இல்லை. கொல்லை வைத்திருப்பவர்கள் படிக்கவும்.

இரண்டு வருஷம் முன்பு வயல்காரர் ஒருவர் என் பேட்டரி ஸ்பிரேயரை வாங்கிக்கொண்டு போனார், 16 லிட்டர் டேங்க். மறுநாளே திருப்பிக் கொடுத்தார். கழுவித்தான் கொடுத்தார். பத்து நாள் கழித்து அதே டேங்கில் வேப்பெண்ணெயைக் கரைத்துக் கொல்லையில் இருந்த கத்தரிக்கும் தக்காளிக்கும் அடித்தேன். ஒரு வாரத்தில் புதுத் தளிரெல்லாம் ஒடுங்கி, முறுக்கிக்கொண்டு, தண்டு கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. வெள்ளை ஈயால் வந்த இலைச்சுருட்டல் என்று நினைத்து மறுபடியும் வேப்பெண்ணெய் அடித்தேன். அதே டேங்கில்! இன்னும் மோசமானது.

அப்புறம்தான் சந்தேகம் வந்து அவரிடம் கேட்டேன், என்ன மருந்து அடித்தீர்கள் என்று. "கோரைக்கு அடிச்சேன் சார்." 2,4-டி. நெல்லை அது ஒன்றும் செய்யாது, கோரையையும் அகல இலைக் களைகளையும் கொல்லும். கத்தரி, தக்காளி, பருத்தி எல்லாம் அதன் கணக்கில் அகல இலைதான். அதுவும் பருத்திக்கும் தக்காளிக்கும் துளி வாடை போதும். ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் டேங்க் பார்க்கச் சுத்தமாக இருக்கும். குழாயிலும் ரப்பர் வாஷரிலும் நாசிலிலும் ஒட்டியிருப்பது போகாது.

அவர் மேல் ஒரு மாதம் கோபமாக இருந்தேன். ஆனால் அவர் கழுவினார். நான் என்ன மருந்துக்கு என்று கேட்கவில்லை. கொடுத்தவன் கேட்க வேண்டிய கேள்வி அது. இப்போது களைக்கொல்லிக்கென்று ஒரு பழைய கைப்பம்பு ஸ்பிரேயரைத் தனியாக வைத்து, அதன் மேல் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். களைக்கொல்லி என்று யார் கேட்டாலும் அதுதான் போகும். இருபத்திரண்டு கத்தரிச் செடியைப் பிடுங்கி எறிந்தபின் வந்த ஞானம்.

செப்டம்பர் 18

"விளக்கு வைத்தபின் கொடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியலே உண்டே, அதை விட்டுவிட்டீர்களே" என்கிறார்கள். உப்பு, மோர், ஊசி என்று எங்கள் அம்மாவுக்கும் உண்டு. அரிவாளைக் கையில் கொடுக்க மாட்டாள், தரையில் வைப்பாள், எதிராளி எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். கையில் கொடுத்தால் வெட்டும் வரும், ஆகவே அதை நானும் விடாமல் செய்கிறேன். ஊசியைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருவர் ட்ரில் கேட்டு வந்தபோது அம்மா உள்ளேயிருந்து "விளக்கு வச்சாச்சு, இரும்பு தரக் கூடாது" என்று சத்தம் போட்டாள். இரும்பு அந்தப் பட்டியலில் எப்போது சேர்ந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

மோட்டார் வைத்த எதையும் கொடுப்பதில்லை என்று முதல் நாள் எழுதினேன். அது எனக்கே பொய்யாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. கஜா புயலைச் சொல்லாமல் அந்தச் சட்டத்தைச் சொல்லக் கூடாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. வெளிச்சம் வந்து பார்த்தால் தெருவைக் காணோம். தென்னை, மா, பலா எல்லாம் குறுக்கே கிடக்கிறது, கம்பங்கள் ஒடிந்து ஒயர் கூரைகள் மேல் தொங்குகிறது. ஊருக்குக் கரண்டு இல்லை என்றால் தண்ணீரும் இல்லை. எல்லா வீட்டிலும் போர்வெல், எல்லா வீட்டிலும் மோட்டார், கிணற்றை மூடியாயிற்று. பாதாளக் கரண்டி வைத்திருந்த பாட்டியின் கிணறு ஒன்றுதான் திறந்திருந்தது, அதில் ஒரு தென்னை தலைகீழாக விழுந்து கிடந்தது.

என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. அரை எச்பி மோட்டாரை இழுக்கும். ஒரு எச்பி என்றால் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் முக்கும், மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டு வேண்டும். முதல் நாள் என் வீட்டுத் தொட்டியை நிரப்பினேன். இரண்டாம் நாள் காலை வாசலில் எட்டுப் பேர். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, குடத்தோடு நின்றார்கள். வெளியே வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்தவர்கள் ஒரு தொட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள், செல்போன் சார்ஜுக்குக்கூடக் காசு. நான் சக்கரம் வைத்த கை வண்டியில் அதை ஏற்றித் தெருவுக்கு விட்டுவிட்டேன். பெட்ரோல் அவரவர் செலவு. வரிசையைப் பெண்கள் போட்டார்கள்: கைக்குழந்தை வீடு முதலில், டயாலிசிஸ் போகிறவர் வீடு அடுத்தது, என் வீடு கடைசி. "உங்க வீட்லதான் சார் முதல் நாள் நிரப்பிட்டீங்களே."

எதிர்வீட்டு அண்ணன் மரம் அறுக்கிற மெஷினைக் கொடுத்தார். பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர், அவருடைய சாமான் ஒன்றில் தூசி பார்க்க முடியாது. தரையில் கிடக்கிற மரத்தை அறுக்கும்போது செயின் மண்ணைத் தொட்டால் அந்த நிமிஷமே மழுங்கும். தெருப் பையன்கள் ஒரு நாளில் மூன்று தடவை மழுக்கிக் கொண்டுவந்தார்கள். மூன்று தடவையும் பேசாமல் அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டிக் கொடுத்தார். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே கத்தியிருப்பேன்.

ஒன்பதாம் நாள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், ஆயிலைத் தனியாகப் பார்க்க வேண்டும். பதினோரு வீடு பெட்ரோல் ஊற்றியது. ஆயில் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. யார் வீட்டில் நின்றதோ அந்தப் பெண் அழுதுவிட்டாள், தன்னால்தான் என்று. அவளுக்கு முன்னால் பத்து வீட்டில் ஓடி வற்றிய ஆயில் அது. அண்ணன் வந்து திண்ணையிலேயே எஞ்சினைப் பிரித்தார். செலவுக்கு யாரையும் கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு மஞ்சள் பை வந்தது, உள்ளே ஐந்நூறும் இருநூறும் சில்லறையுமாக. யார் எவ்வளவு போட்டார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டு நாளில் ஜெனரேட்டர் மறுபடியும் ஓடியது. கரண்டு வந்தது இருபத்து மூன்றாம் நாள்.

அதனால் முதல் சட்டத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: மோட்டார் வைத்ததைக் கொடுக்கலாம், ஆயில் பார்க்கிற ஆள் யார் என்று கொடுக்கும்போதே ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 24, மதியம்

பதினோரு வீடு இல்லையாம், பன்னிரண்டாம். மாடிக் குடித்தனத்தை நான் எண்ணவில்லை என்று அம்மா சொல்கிறாள். எண்பத்து நாலு வயது, அந்த வரிசை முழுவதையும் பெயர் பெயராகச் சொன்னாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

ஏணி வாசகர் எழுதியிருக்கிறார். தைரியமாகப் போய்க் கேட்டாராம். அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து, "எந்த ஏணி?" என்றாராம்.

சிரிக்காதீர்கள், அந்த அம்மா நடிக்கவில்லை. வாங்கியவர் வீட்டுக்காரர், அவர் இப்போது வெளியூர் வேலையில். ஏழு மாதமாகத் துணி காயப் போடுகிற அந்த அம்மாவுக்கு அது ஓனர் விட்டுப்போன ஏணி. இவரும் "பரவால்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஐயா, நான் சொன்னது என்ன, நீங்கள் செய்தது என்ன?

இன்னொன்று. அந்தச் சந்தில் மேலே கரண்டு சர்வீஸ் ஒயர் போகிறதா என்று பாருங்கள். அலுமினிய ஏணியைத் தூக்கும்போது முனை எங்கே போகிறது என்று ஒருவர் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 2

"எந்த ஏணி" என்ற கேள்விக்குத்தான் அந்தக் காலத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டினார்கள். கல்யாணத்துக்கு வந்த குண்டானில் மாமன் பெயர் தேதியோடு இருக்கும், எத்தனை விசேஷத்துக்கு எத்தனை வீடு போனாலும் திரும்பி வரும். அப்பா தன் கருவி எல்லாவற்றுக்கும் பிடியில் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். தெருவில் எங்கே பச்சை தெரிந்தாலும் அது எங்களுடையது. நான் வாங்கியவற்றுக்கு அடிக்கவில்லை, சோம்பேறித்தனம்.

கேட்கிற வார்த்தையைப் பற்றியும் ஒன்று. தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்று மூன்றையும் பிரிக்கிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, ஒத்தவனிடம் கேட்டால் தா, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் கொடு. எங்கள் தெருவில் இந்த மூன்றும் இல்லை. "உங்க கடப்பாரை சும்மாதானே இருக்கு?" என்பார்கள். இதற்கு இலக்கணத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஏணி வாசகருக்கு ஒரு வழி. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜை 23ஆம் தேதி, திங்கள். அப்பா பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு நடை போவார். வாசலில் நின்று ஒரே வாக்கியம்: "பூஜைக்கு வைக்கணும்." அவ்வளவுதான். யாரும் "இன்னும் வேலை இருக்கு" என்று சொல்ல முடியாது, யாருக்கும் முகம் சுருங்காது. கேட்கிறவர் இவராக இருக்காது, சாமியாக இருக்கும். தை மாதம் போன ஸ்பேனர்கூட அந்த வாரம் வீடு திரும்பும். சில பேர் அதற்காகவே கழுவி எண்ணெய் போட்டு வைத்திருப்பார்கள்.

ஏணிக்குப் பொட்டு வைப்பதா என்று கேட்காதீர்கள். சைக்கிளுக்கு வைக்கிறோம், கிரைண்டருக்கு வைக்கிறோம்.

அக்டோபர் 15, ஞாயிறு

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

ஊருக்கு இவ்வளவு உபதேசம் செய்த வெட்கத்தில், இந்த வருஷம் பெட்டியை மேலாகத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு விடாமல், எல்லாவற்றையும் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பதினாலு இஞ்ச் பைப் ரெஞ்ச் ஒன்று. கிரீசும் துருவும் பழைய குங்குமமும் போனபின் பிடியில் பச்சை இல்லை. மூன்று புள்ளி இருக்கிறது, சென்டர் பஞ்சால் குத்தியது. அந்தக் குறி தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு ஃபிட்டர் அண்ணனுடையது.

2012இல் காம்பவுண்டு சுவரோடு குழாய் லைனும் மாற்றினோம், அப்போது வாங்கியிருக்கிறேன். பதினோரு வருஷம். பதினோரு ஆயுத பூஜைக்கு அவருடைய ரெஞ்சுக்கு நான் பொட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 16

ரெஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் கையில் நீட்டினேன்.

"உங்கிட்டதான் இருக்குன்னு தெரியும் தம்பி."

"ஏண்ணே கேக்கலை?"

"உன் மட்டம் எங்கிட்ட இருக்குல்ல. சரி, அதுக்கு இதுன்னு விட்டுட்டேன்."

எந்த மட்டம் என்றேன். உள்ளே போய் எடுத்துவந்தார். இரண்டடி ரசமட்டம், என்னுடையது. குளியலறைத் தரைக்கு வாட்டம் பார்க்க அதே வாரம் சுவர் மேலிருந்து எடுத்துப் போயிருக்கிறார், அப்பாவிடம் சொல்லிவிட்டு. அப்பாவுக்கு அப்போதே மறதி. என்னிடம் சொல்லவில்லை, மறு வருஷம் போய்விட்டார்.

அண்ணன் மனதில் எல்லாம் சரியாக இருந்தது. செம்பு அங்கே, கரண்டி இங்கே. எனக்குத்தான் இரண்டுமே தெரியவில்லை.

அக்டோபர் 16, இரவு

செப்டம்பர் 11 குறிப்பில் "வேறு யார் எடுப்பார்கள்?" என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

கொத்தனாரிடம் நான் நேரே ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் அவர் இல்லை என்று சொல்லியிருப்பார், தேடியிருப்போம், அண்ணன் வீட்டில் கிடைத்திருக்கும். கேட்காமல், அதன்பின் அவரை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. "ஆள் எப்படி?" என்று என்னிடம் கேட்ட மூன்று பேரிடமாவது "வேலை நல்லாருக்கும், சாமானைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வீட்டிலும் வேறு ஆள் கட்டினார்.

இரண்டாவது சட்டம் அந்த ரசமட்டத்தால் வந்தது. அதை எடுத்துவிடுங்கள்.

அக்டோபர் 17

நிறைய பேர் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறீர்கள். என்னவென்று கேட்பது? "உங்களைத் திருடன் என்று பதினோரு வருஷம் நினைத்திருந்தேன்" என்றா? அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம், சின்ன ஊர். ஏணி கேட்கக் கூச்சப்பட்ட மனிதரை ஒரு மாதமாகக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஏணி வந்துவிட்டதாம். "பூஜைக்கு வைக்கணும்" என்றதும் அந்த அம்மா, "இதோ துணியை எடுத்துடறேன்" என்றாராம். பையன் ஒருவன் கூடவே தூக்கி வந்து வைத்துவிட்டும் போயிருக்கிறான். துடைத்து, இரண்டு பக்கமும் மஞ்சள் தடவி.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

மாடி வீட்டுத் தம்பி சுண்டல் கொண்டுவந்தார். தட்டில் சுண்டல், வாழைப்பழம், நடுவில் சந்தனம் குங்குமத்தோடு என் சக் கீ. சோபா நகர்த்தியபோது கிடைத்ததாம், என்னவென்று தெரியாமல், இரும்பாக இருக்கிறதே என்று பூஜையில் வைத்தார்களாம். அவருடைய மாமனார் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இப்போது என்னிடம் சக் கீ மூன்று இருக்கிறது, ஒன்று எதற்கும் சேராது.

ரசமட்டத்துக்குப் பொட்டு வைத்தேன். குமிழி இன்னும் சரியாக நடுவில் நிற்கிறது.

அக்டோபர் 24, விஜயதசமி

கொத்தனாருக்கு போன் செய்தேன். நம்பர் மாறவில்லை. பின்வாசல் படி உடைந்திருப்பது உண்மைதான், இரண்டு வருஷமாக உடைந்திருக்கிறது. வந்து பார்க்க முடியுமா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றார்.

"ரசமட்டம் எடுத்துட்டு வரவா சார்?"

வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது என்றேன்.